கோவில் பாட்டு எங்கே இடிக்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் கீபோர்டில் வாசித்தபோது நன்றாக இருந்தது, சனிக்கிழமை பயிற்சியிலும் குறை தெரியவில்லை, ஞாயிறு பூசையில் பாடும்போது மட்டும் பாட்டு படுத்துவிட்டது. பங்குப் பாடகர் குழுவுக்கு மெட்டுப் போடுகிற எல்லோரும் இதைக் கடந்து வந்திருப்பார்கள். அப்போது கை தானாக மெட்டை மாற்றப் போகும். கொஞ்சம் பொறுங்கள். திருவழிபாட்டு ஆண்டைத் தொடங்கும் திருவருகைக் காலம் (கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்கள்) முதல் அதை முடிக்கும் கிறிஸ்து அரசர் பெருவிழா வரைக்கும் பல வருடமாக எழுதிப் பாட வைத்துப் பார்த்ததில், மெட்டின்மேல் உண்மையான குற்றம் இருந்த பாட்டுகள் குறைவு என்றுதான் எனக்குத் தெரிகிறது. முதலில் இன்று என்ன நாள் என்று பாருங்கள். அடுத்து, பாட்டு திருப்பலியில் எந்த இடத்தில் வருகிறது. அதற்கடுத்து, சொல் தமிழாகக் காதில் விழுகிறதா. இந்த மூன்றும் சரியாக இருந்தும் இடித்தால் அப்புறம் சுரத்தையும் கார்டையும் தொடலாம். கீழே உள்ள அறிகுறிகளும் ஏறத்தாழ அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நான் கத்தோலிக்கப் பங்கை வைத்துப் பேசுகிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், தவக்காலத்தை லெந்து என்பீர்கள். சொல்லும் குரலும் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, இன்னைக்கு ஏன் பாடினீங்க?"

பங்குத்தந்தை பூசை முடிந்து இப்படிக் கேட்டால், பாட்டின் வரிகளை எடுத்து வைத்து ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். இந்த வரிகளை ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் பாடினால் ஏதாவது தப்பாகத் தெரியுமா? தெரியாது என்றால் அதுதான் நோய். "அன்பே வா, அருளே வா, என் உள்ளம் வா" என்று எந்த நாளுக்கும் பொருந்துகிற வரி, எந்த நாளையும் தொடாது.

மருந்து, பூசையில் வாசிக்கும் வேதப் பகுதிகளை நாள்வாரியாகத் தருகிற வாசக நூலில் இருக்கிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன: முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா, யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் (உயிர்ப்பு விழாவும் அதைத் தொடரும் வாரங்களும்) அடிக்கடி நுழைவார். 2025 நவம்பர் 30-ல் தொடங்கியது முதலாம் ஆண்டு, 2026 நவம்பர் 29-ல் தொடங்குவது இரண்டாம் ஆண்டு. எழுதுவதற்கு முன் இதைப் பார்க்காமல் உட்காரவே கூடாது. முதலாம் ஆண்டுத் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு சமாரியப் பெண்ணும் கிணறும், நான்காம் ஞாயிறு பிறவியிலேயே பார்வையற்றவர், ஐந்தாம் ஞாயிறு இலாசர். இந்த மூன்றுக்கும் மூன்று பாட்டு எழுத வேண்டாம். தவக்காலம் முழுவதற்கும் ஒரே பல்லவி, மெட்டு மாறாத சரணம், வாரத்துக்கு ஒரு சரணத்தின் வரிகள் மட்டும் புதிது: ஒரு வாரம் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடியவள், அடுத்த வாரம் கண்ணில் பூசிய சேறு, அதற்கடுத்த வாரம் புரட்டப்பட்ட கல். குழுவுக்குப் பயிற்சி அரை மணி நேரம் போதும். மக்களும் மூன்றாவது வாரம் பல்லவியைத் தங்கள் பாட்டாகப் பாடுவார்கள். நற்கருணைப் பாடலுக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியாது. அன்றைய நற்செய்தியைக் காதில் கேட்டவர்கள் திருவிருந்துக்கு நடந்து போகும்போது அதையே வாயால் பாடிக்கொண்டு போகிறார்கள்.

திருவருகைக் காலத்தில் வேறொரு தடுமாற்றம் உண்டு. முதல் ஞாயிறே மாட்டுத்தொழுவம், இடையர், வைக்கோல் என்று எழுதிவிடுகிறோம். அந்தக் காலத்தின் முற்பகுதி, டிசம்பர் 16 வரை, ஆண்டவரின் இரண்டாம் வருகையைத்தான் நோக்குகிறது. 17-ல் இருந்து 24 வரைக்கும்தான் பிறப்புக்கான நேரடித் தயாரிப்பு. அந்த 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் வருகிற ஏழு முன்மொழிகளை, அதாவது பாட்டுக்கு முன் வரும் சிறு வரிகளை, பாருங்கள். ஞானமே, தலைவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று ஏழு விளிகள். ஏழு சரணத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தவக்காலப் பாட்டு கல்யாண வீட்டுப் பாட்டாகக் கேட்கிறது, இல்லையென்றால் எல்லாமே ஒப்பாரியாகிவிடுகிறது

இரண்டும் எதிரெதிர் நோய்கள். முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் இடையிசை. தவக்காலத்தில் இசைக்கருவி பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. நான்காம் ஞாயிறும், அந்த நாட்களுக்குள் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. அதாவது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் எட்டு பார் புல்லாங்குழல் டோன் வாசிப்பதற்கு அப்போது இடமில்லை. ஆக்டோபேடை அணைத்து, கீபோர்டின் ரிதத்தை அணைத்து, வெறும் சுருதியோடு பாட வைத்துப் பாருங்கள். பாட்டு அப்படியே நின்றால் அது பாட்டு. இடையிசையை எடுத்ததும் சரிந்தால், அதுவரை அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மெட்டில் முதுகெலும்பு வைத்துத் திரும்ப எழுத வேண்டும். அல்லேலூயாவும் வானவர் கீதமும் (குளோரியா) அந்த நாட்களில் இல்லாமல் போவதை மக்கள் காது உணர வேண்டுமென்றால், மீதி இசையும் கொஞ்சம் ஒடுங்கி இருக்கத்தானே வேண்டும்.

இரண்டாவது நோய் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே சோக ராகமான சிவரஞ்சனியை எடுத்துக்கொண்டு அழத் தொடங்குவது. ஆறு வாரமும் அழுதால் புனித வெள்ளிக்கு என்ன மிச்சம் இருக்கும்? தவக்காலத்தின் தலையாய திருப்பாடல் 51. அதுவே மீட்பின் மகிழ்ச்சியைத் திருப்பிக் கேட்கிறது. நான் இப்போது செய்வது இது: முதல் வாரங்களுக்கு நடபைரவியோ கரகரப்பிரியாவோ போன்ற நிதானமான ராகம் ஒன்று, கடைசி வாரங்களில் கீரவாணி, சுபபந்துவராளியைப் புனித வெள்ளிக்கு முன் தொடுவதே இல்லை. திருச்சிலுவையை முத்தி செய்ய வரிசை நீளுமே, அந்த இடத்துக்கு ஒப்பாரி மெட்டு உரிமையோடு பொருந்தும். நம் ஊர்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த காது அதை உடனே அடையாளம் காணும். ஒற்றைக் குரல், கருவி எதுவும் இல்லாமல், பதிலுக்குக் குழு ஒரு வரி. அவ்வளவு போதும்.

சொல் வேறு பொருளில் கேட்கிறது

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். நம் மொழியில் குறிலை நீட்டினால் அழகு கூடுவதில்லை, சொல்லே மாறிவிடுகிறது.

நான் ஒரு கிறிஸ்து பிறப்புப் பாட்டில் "அமைதி தரும் ஆண்டவர் இவர்" என்று எழுதினேன். ஆதி தாளத்தில் "தரும்" சமத்தில் (தாளத்தின் முதல் எண்ணிக்கையில்) விழுந்தது, அந்த "த" இரண்டு எண்ணிக்கைக்கு நீண்டது. பயிற்சியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூசை முடிந்து ஒரு பாட்டி வந்து, "ஆண்டவர்கிட்ட அமைதி தாரும்னு கேக்குறீங்க, அப்புறம் இவர்னு யாரைச் சொல்றீங்க தம்பி?" என்றார். அவர் கேட்டது சரி. "தரும்" என்ற பெயரெச்சம் "தாரும்" என்ற வேண்டுகோளாகிவிட்டது, மீதி வரி அந்தரத்தில் நின்றது. சரிசெய்தது இப்படி: அ, மை, தி, த, ரும் என்று ஐந்து அசை. இதில் "மை" எழுத்தில் நெடில்தான், ஆனால் சொல்லின் நடுவில் வருவதால் ஐகாரக் குறுக்கம், ஒரு மாத்திரைதான் ஒலிக்கும். ஆக ஐந்துமே ஓடக்கூடிய அசைகள். அவற்றைச் சமத்துக்கு முன்னாலேயே எடுப்பாக ஓடவிட்டு, "ஆண்டவர்" என்பதன் "ஆ"வைச் சமத்தில் வைத்தேன், நீட்டலை எல்லாம் அந்த "ஆ"வுக்குக் கொடுத்தேன். மெட்டின் வடிவம் அநேகமாக மாறவே இல்லை, அரை ஆவர்த்தனம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

இதேபோல வரும், வாரும், மலை, மாலை, படு, பாடு. உங்கள் வரிகளில் நீண்ட சுரம் விழுகிற ஒவ்வொரு அசையையும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் குறில் இருந்தால், அதை நீட்டிச் சொல்லிப் பாருங்கள். வேறு சொல் பிறந்தால் அங்கே மெட்டுதான் வழிவிட வேண்டும்.

ஒற்று இரட்டிப்பும் இதே அளவு முக்கியம். "பாவம் விட்டு வந்தேன்" என்பதை இழுத்து இழைத்துப் பாடினால் "விடு" என்று கேட்கும். "ட்டு" கேட்க வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு இமைப்பொழுது குரல் அடைபட வேண்டும். மெதுவான பாட்டில் அந்த அடைப்பைக் குழுவுக்குச் சொல்லிக் கொடுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். நாற்பது பேர் நாற்பது நேரத்தில் "ட்" என்றால் கூரையில் கல் விழுவது மாதிரி இருக்கும். சொல்லின் கடைசியில் வருகிற "ம்", "ன்" இரண்டையும் பயப்படாமல் நீட்டலாம், அது நம் மொழியின் வரம். "ஆமென்" பாடும்போது "மெ"யை நீட்டி "ஆமேன்" ஆக்குகிறார்கள். "ஆ"வை நீட்டுங்கள், "மெ"யைத் தொட்டுவிட்டு "ன்"னில் முனகி முடியுங்கள். அல்லேலூயாவில் லே, லூ, யா மூன்றும் நெடில், "அல்" குறுகியது. அதனால் முதல் அசையில் தொங்கிக்கொண்டு நிற்கிற மெட்டு அந்தச் சொல்லுக்கு ஒட்டாது.

மூச்சு எங்கே வாங்குகிறோம் என்பது இன்னும் ஆபத்தான இடம். திருப்பாடல் 23: "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை." தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். "எனக்கேதும் குறை" என்று மேல் சுரத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, அப்புறம் "இல்லை" என்று இறங்குகிற மெட்டை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு மூச்சு நேரத்துக்குச் சபை முழுவதும் தனக்குக் குறை இருப்பதாக அறிக்கையிட்டுக்கொண்டு நிற்கிறது. "குறையில்லை" ஒரே மூச்சில், ஒரே சொல்லாக வர வேண்டும். மூச்சை "ஆயர்" என்பதற்குப் பிறகு வையுங்கள். பழைய மொழிபெயர்ப்பைப் பாடுகிற சபைகளில் "தாழ்ச்சியடையேன்" என்று வருகிறது. அங்கே மறுப்பு முழுவதும் கடைசி அசையில் உட்கார்ந்திருக்கிறது, அந்த "யேன்" விழுங்கப்பட்டால் வசனமே போச்சு. அதனால் வரியின் கடைசிச் சுரத்தைக் கீழே புதைக்காதீர்கள், பலவீனமான எண்ணிக்கையிலும் விடாதீர்கள்.

மோனை பற்றியும் ஒரு வார்த்தை. வரியில் மோனை விழும் சீர்கள் தாளத்தில் அழுத்தமான இடங்களில் விழுந்தால் மக்கள் தாளை மறந்தாலும் அடுத்த சொல் தானாக வாயில் வரும். நம் கீர்த்தனைக்காரர்கள் கண்டுபிடித்து வைத்த நினைவுக் கயிறு இது, தூக்கி எறிய வேண்டாம்.

வானவர் கீதம் தாளத்துக்குள் அடங்கவில்லை

அடங்கவில்லை என்று வரிகளை மாற்றி எதுகையோடு எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. வானவர் கீதத்தின் பாடத்துக்குப் பதில் வேறு பாடம் வைக்க அனுமதி இல்லை. "உலகின் பாவம் போக்கும்" செபத்துக்கும் அதே ஒழுங்கு. பதிலுரைத் திருப்பாடலின் இடத்தில் ஏதோ ஒரு பக்திப் பாட்டைப் பாடுவதும் கூடாது. இவை உரைநடையாகவே இருக்கின்றன, எனவே மெட்டும் உரைநடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒரு சுரத்தில் நின்று சொற்களை ஓதி, வரி முடிவில் மட்டும் இரண்டு மூன்று சுரம் அசைவது பழைய வழி, இன்றும் வேலை செய்யும். அல்லது முதல் வரியை மக்களுக்குப் பல்லவியாகக் கொடுத்து நடுநடுவே திருப்பிப் பாட வையுங்கள், மீதியைக் குழு தாளக்கட்டைத் தளர்த்திப் பாடட்டும்.

மக்கள் வாய் திறப்பதில்லை

இந்தப் புகாரைச் சொல்லாத பங்கே இல்லை. எல்லோரும் மக்களைக் குறை சொல்வார்கள். நான் முதலில் ஸ்கேலைப் பார்ப்பேன். பயிற்சி இல்லாத குரல்கள் சேர்ந்து பாட, சி ஸ்கேலில் சொன்னால், மந்திர தைவதத்தில் (கீழ் ஏ) இருந்து தார ரிஷபம் (மேல் டி) வரைதான் வசதி. அதற்கு மேல் போகிற பல்லவி குழுவுக்கான பல்லவி. அதிலும் காலை ஐந்தரை, ஆறு மணிப் பூசைக்கு வருகிறவர்களுடைய தொண்டை இன்னும் விழித்திருக்காது. அதே பாட்டை எட்டு மணிப் பூசையைவிட ஒரு சுரம் இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் அதற்குத்தான் இருக்கிறது.

ஸ்கேல் சரி, அப்போதும் பாடவில்லையா? பல்லவி எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குகிற எடுப்பு நமக்கு இனிப்பு, அவர்களுக்குப் பொறி. ஒரே மாதிரி ஒரு சுரம், ஒரு கார்டு கொடுத்து, எப்போதும் அதே இடத்தில் அவர்களை அழைத்தால் இரண்டாவது தடவை வந்துவிடுவார்கள். முன்னணிப் பாடகர் மைக்கில் சங்கதி போட்டு வரியை மாற்றி மாற்றி அலங்கரிக்கிறாரா? பல்லவியைப் பாடும்போது மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இந்த ஒரு அடி பல பங்குகளில் அற்புதம் செய்திருக்கிறது. தங்கள் குரல் தங்களுக்கே கேட்கும்போதுதான் மனிதர்கள் பாடுவார்கள்.

பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) வரக்கூடிய திருப்பாடல் 136-ஐ எடுத்துப் பாருங்கள். வசனத்துக்கு வசனம் "என்றும் உள்ளது அவரது பேரன்பு". 26 தடவை. எழுதப் படிக்கத் தெரியாதவரும், இருட்டில் நிற்பவரும், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளும் பாடக்கூடிய அமைப்பு அது. சபைப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று வேதமே காட்டியிருக்கிறது.

பாட்டு முடியவில்லை, ஃபாதர் பீடத்தில் காத்திருக்கிறார்

வருகைப் பாடல் நடக்கிறவர்களுக்கானது. சக்ரிஸ்தி (குருவானவர் பூசை உடை அணியும் அறை) வாசலில் இருந்து பீடம் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு ஞாயிறு எண்ணிப் பாருங்கள், அதற்குத்தான் எழுத வேண்டும். காணிக்கைப் பாடலும் சுருக்கம். நற்கருணைப் பாடல் நேர்மாறு, வரிசை நீளும், எனவே எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய, எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டக்கூடிய பாட்டு தேவை. கதை சொல்லிக்கொண்டே போய் ஐந்தாவது சரணத்தில்தான் முடிச்சு அவிழும் என்றால் அது அந்த இடத்துக்கு ஆகாது. ஒவ்வொரு சரணமும் தனியாக முழுமையாக இருக்கட்டும். நடந்து வருகிறவர் கையில் புத்தகம் இருக்காது, அதனால் பல்லவி எட்டுச் சொல்லுக்கு மேல் போக வேண்டாம்.

நான்கு குரல் போட்டேன், கலங்கலாகக் கேட்கிறது

நான்கு குரல் என்றால் பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். முதலில் ஆல்டோவைக் கேளுங்கள். சோப்ரானோவுக்கு மூன்றாம் சுரம் கீழே, முதல் சொல்லில் இருந்து கடைசிச் சொல் வரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு போகிறதா? அப்படியானால் அது இரண்டு குரல் ஆகாது, ஒரே குரல் தடித்துக் கேட்கிறது. மெட்டு ஏறும்போது ஆல்டோ ஒரே சுரத்தில் நிற்கட்டும், மெட்டு நிற்கும்போது ஆல்டோ அசையட்டும்.

அடுத்து பேஸ். நான் ஆரம்பத்தில் புத்தகத்தில் பார்த்து கீழ் எஃப், கீழ் இ என்று எழுதிவிடுவேன். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுமையாகப் பாடிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த இடத்துல வெறும் காத்துதான் வருது" என்றார். நம் பங்குகளில் பேஸ் என்று நிற்கிறவர்கள் பெரும்பாலும் நடுக்குரல்காரர்கள். கீழ் ஜி-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரிய சிக்கல்: ராகத்துக்குக் கார்டு போடுவது. மோகனத்தில் ச ரி க ப த ஐந்துதான். சி-யை ஆதாரமாக வைத்தால் அந்த ஐந்துக்குள் முழுதாகக் கிடைப்பது சி மேஜரும் ஏ மைனரும் மட்டும். வழக்கமான பழக்கத்தில் எஃப்-ஐ அழுத்தினால் மத்யமம் வந்துவிட்டது, ஜி மேஜரை அழுத்தினால் நிஷாதம் வந்துவிட்டது. மெட்டில் மோகனம், அடியில் சங்கராபரணம், கேட்பவருக்கு இரண்டும் இல்லை. ஹம்சத்வனி இந்த வகையில் தாராளம்: சி மேஜர், ஜி மேஜர், இ மைனர் மூன்றும் ராகத்துக்குள்ளேயே இருக்கின்றன, அதனால் பாஸ்கா காலத்துக்கு நான் அடிக்கடி அதற்குப் போவேன். சுபபந்துவராளியில் பஞ்சமத்தின்மேல் நிறைவான கார்டு கட்டவே முடியாது, சுத்த ரிஷபம் குறுக்கே நிற்கும். அங்கே நான்கு குரலைக் கைவிட்டுவிடுங்கள். டெனரும் பேஸும் ச, ப இரண்டையும் தம்புரா மாதிரி பிடித்துக்கொள்ள, பெண் குரல்கள் மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கட்டும். கார்டு மாற்றம் வேண்டும் என்று மனம் கேட்டால் கீரவாணிக்கு வாருங்கள், தேவையான மைனர், மேஜர் எல்லாம் கிடைக்கும். எதை எடுத்தாலும் பல குரலாகப் பிரிந்து பாடும் இடத்தில் கமகம் (சுரத்தை அசைத்துக் குழைப்பது) வேண்டாம். நாற்பது பேருடைய கமகம் நாற்பது சுருதி.

கருவி இல்லாமல் பாடும்போது சுருதி இறங்குகிறதா? ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடம், படிப்படியாக இறங்கி காந்தாரத்தில் நிற்கும் இடம், மூச்சு தீர்ந்துபோகும் வரி முடிவு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அரைச் சுரம் ஏற்றிப் பாடிப் பாருங்கள், சில பாட்டுகள் அதிலேயே நிமிர்ந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்காதீர்கள் என்று குழுவுக்குச் சொல்லி வையுங்கள்.

வாரா வாரம் புதிதாக எழுதி ஆளே களைத்துப்போகிறார்

எழுதியதைத் திரும்பப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில் இசையமைப்பாளர் வில்லியம் பேர்டு 1605-லும் 1607-லும் திருவழிபாட்டு ஆண்டின் விழாக்களுக்கு இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அதில் ஒரு விழாவுக்கு எழுதிய துண்டை இன்னொரு விழாவுக்கு எடுத்துப் பொருத்திக்கொள்ளும்படியே பல பகுதிகள் அமைந்திருக்கின்றன. 1734 கிறிஸ்து பிறப்புக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் லைப்சிக் நகரில் பாட வைத்த இசையில் கணிசமான பகுதி அதற்கு முந்தைய வருடம் அரச குடும்பத்துப் பிறந்தநாட்களுக்கு அவரே எழுதியது. அந்த ஊரில் திருவருகைக் காலத்தின் பின் ஞாயிறுகளிலும் தவக்காலத்திலும் பெரிய இசை கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஆண்டே எழுதுகிறவருக்கு மூச்சு வாங்க இடம் வைத்திருக்கிறது.

நமக்கு இன்னும் எளிய வழி உண்டு. அந்தந்த ஞாயிற்றின் திருப்பாடலைப் பாட முடியாத இடத்தில், அந்தக் காலத்துக்கென்று வாசக நூல் தருகிற பொதுத் திருப்பாடலைப் பாடலாம். திருவருகைக்கு 25, 85; கிறிஸ்து பிறப்புக்கு 98; திருக்காட்சிக்கு 72; தவக்காலத்துக்கு 51, 91, 130; புனித வாரத்துக்கு 22; பாஸ்கா காலத்துக்கு 118, 66; விண்ணேற்றத்துக்கு 47; தூய ஆவிக்கு 104; பொதுக்காலத்துக்கு 34, 63, 95, 103, 145 என்று பட்டியல் போகும். இவற்றில் பன்னிரண்டுக்கு நல்ல மெட்டுப் போட்டு வைத்தால் ஒரு பங்கு வருடம் முழுவதும் திருப்பாடல் பாடும். மூன்று வருடத்தில் மக்களுக்கு மனப்பாடமாகிவிடும். யாருக்காவது நோய் என்று படுக்கையருகில் உட்கார்ந்து செபிக்கும்போது 130 தானாக மெட்டோடு வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருவிழிப்பின் அல்லேலூயா மூன்றாவது தடவை கீச்சிடுகிறது

நாற்பது நாளுக்கு மேல் வாயில் வராத சொல் அன்று திரும்பி வருகிறது. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏற்றிப் பாட வேண்டும், மக்கள் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாடுவார்கள். சிக்கல் எப்போதும் முதல் சுரத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான். கடைசியில் இருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். உங்கள் மெட்டு சட்ஜமத்தில் இருந்து பஞ்சமம் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது தடவை மேல் டி-யைத் தாண்டக்கூடாது, எனவே மூன்றாவது ஜி-யில். இரண்டாவது எஃப். முதலாவது இ ஃபிளாட். மெட்டு தைவதம் வரை போனால் எல்லாவற்றையும் ஒரு படி இறக்குங்கள். கீபோர்டுக்காரர் மூன்றையும் தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவைக்கட்டும், அந்த நேரத்தில் கோவில் இன்னும் பாதி இருட்டாக இருக்கலாம். ஏறும் முன் நான்கு எண்ணிக்கை மௌனம் விடுங்கள், புதிய சுருதியை ஒரே ஒரு சுரமாகக் கொடுங்கள், கார்டாக வேண்டாம். மூன்றாவது தடவை முடிந்ததும் 118-ஆம் திருப்பாடல் வருகிறது, அதன் வசனங்களைப் பாடுகிறவர் ஜி-யிலேயே தொடர வேண்டும் என்பதைப் பயிற்சியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.